வண்டிப் பாரமும் மாட்டுக் கழுத்தும்

(வானொலி உரை)



வண்டி பூட்டும் முன்னே, "முன்பாரமா, பின்பாரமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைத் 'திருப்புத்திறன்' என்று படிக்கிறார்கள். எடையைத் தூரத்தால் பெருக்கினால் வருவதுதான் அது. தூரத்தை எங்கிருந்து அளப்பது? நம்ம வண்டிக்கு அச்சிலிருந்து.

வண்டியும் பாரமும் சேர்ந்து 1,000 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சிலிருந்து நுகத்தடி 10 அடி தள்ளி இருக்கிறது. மொத்த பாரத்தின் நடுமையம் அச்சுக்கு அரை அடி முன்னே விழுகிறது. 1,000-ஐ அரையால் பெருக்கினால் 500. அதை 10-ஆல் வகுத்தால் 50 கிலோ. ஆக, மாட்டுக்கு 25 கிலோ. இது தாங்கும்.

அதே பாரம் ஒன்றரை அடி முன்னே போனால்? நுகத்தில் 150 கிலோ! ஒவ்வொரு மாடும் 75 கிலோ சுமந்துகொண்டே இழுக்க வேண்டும். கழுத்துப் புண் வராமல் என்ன செய்யும்?

சரி, பின்னே தள்ளிவிடலாமா? அச்சுக்கு அரை அடி பின்னே போனால் நுகம் 50 கிலோ விசையோடு மேலே எழும்பும். கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை நெரிக்கும். அதனால் கொஞ்சம் முன்பாரம்தான் நல்லது.

இன்னொரு விஷயம், உயரம். மேட்டில் ஏறும்போது பாரத்தின் மையம் பின்னே சாயும். இறக்கத்தில் முன்னே சாயும். 10 அடிக்கு 1 அடி ஏறும் மேட்டில், மையம் அச்சுக்கு 3 அடி மேலே இருந்தால், நுகத்தில் 30 கிலோ குறையும். இறக்கத்தில் அதே 30 கிலோ கூடும். மையம் ஒன்றரை அடி உயரத்தில் இருந்தால் 15 கிலோதான் மாறும். ஆகவே கனமான மூட்டைகளை அடியில் போடுங்க.

மாடு பூட்டும் முன் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பாருங்க. அசையவே இல்லையா? 75 கிலோ நெல் மூட்டை ஒன்றை 2 அடி பின்னே நகர்த்துங்க. நுகத்தில் 15 கிலோ குறைந்துவிடும். தானாகவே மேலே எழும்புகிறதா? ஒரு மூட்டையை முன்னே கொண்டு வாங்க. பாரம் இறக்கும்போது மாட்டை முதலில் அவிழ்த்துவிடுங்க. முடியாவிட்டால் பின்பக்க மூட்டையை முதலில் இறக்குங்க. முன்பக்கத்தை முதலில் எடுத்தால் வண்டி பின்னே சாய்ந்து, மாடு கயிற்றில் தொங்கும்.

மாட்டுக்கு வாய் இல்லை. அதன் வலியை நாம்தான் கணக்குப் பார்த்துக் குறைக்க வேண்டும்.