பொது வீதியில் திருவிழா: உரிமையும் பொறையும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சமயச் சொற்பொழிவு நிகழ்ச்சியில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆகம முறைப்படி அமைந்த ஆலயங்களில் மூலவர் கருவறையை விட்டு அகல்வதில்லை. உற்சவ மூர்த்தியே வாகனத்தில் எழுந்தருளி வீதி உலா வருகின்றார். முதுமையால் நடக்க இயலாதவர்கள், நோயுற்றோர், கைக்குழந்தையுடன் வீட்டில் இருக்கும் தாய்மார்கள் முதலியோர்க்கும் இறைவன் அவர்தம் வாயிலுக்கே வந்து திருக்காட்சி நல்குகின்றான் என்பது இதன் உட்கருத்து. ஆதலால், வீதி என்பது திருவிழாவிற்குப் புறம்பானதன்று. திருவிழாவின் ஓர் அங்கமே ஆகும்.

எனினும், அவ்வீதி ஆலயத்திற்கு மட்டுமே உரியதா? தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில் ஒரு வழக்கம் உண்டு. தேரோடும் வீதியில் ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்துவிட்டால், மேளம் அடங்கிவிடும். உடல் எடுக்கப்படும் வரையில் சுவாமி புறப்பாடு காத்திருக்கும். இறந்தவர் ஏழையா செல்வரா என்று யாரும் வினவுவதில்லை. வீதி கடவுளுக்கும் உரியது; துயருற்ற மனிதனுக்கும் உரியது என்பதை எவ்விதச் சட்டமும் இன்றியே நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். இன்றைய உரையின் சாரம் முழுவதும் இந்த ஒரு வழக்கத்தினுள் அடங்கும்.

ஒரே சமயத்தவர் வாழும் சிற்றூரில் இது எளிது. பல சமயத்தவர் கலந்து வாழும் நாட்டில், பொது இடத்தில் ஒரு சமயத்தார் தம் திருநாளை எவ்வளவு தூரம் வெளிப்படுத்தலாம்? மற்றவர் எவ்வளவு தூரம் பொறுத்துக்கொள்ள வேண்டும்? இவ்வினாவை நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்று வாதிட்ட நாடு அமெரிக்கா. ஆகவே, முதலில் அந்நாட்டின் அனுபவத்தை நோக்குவது பயனுடையது.

அமெரிக்கா கண்ட மூன்று வழக்குகள்

அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் திருத்தம் 1791ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அரசு எந்தச் சமயத்தையும் அரச சமயமாக நிறுவலாகாது. எவருடைய வழிபாட்டையும் தடுக்கலாகாது. பேச்சுரிமையைக் குறைக்கலாகாது என்பன அதன் கூறுகளுள் சில. கேட்பதற்கு எளிமையாகத் தோன்றும் இவ்விதிகள், திருநாள் அலங்காரம் என்று வரும்போது ஒன்றோடொன்று மோதின.

ரோட் ஐலண்ட் மாநிலத்தில் உள்ள பாட்டக்கெட் நகராட்சி, ஆண்டுதோறும் கடைத்தெருப் பகுதியில் ஒரு பூங்காவில் கிறிஸ்துமஸ் அலங்காரம் அமைத்து வந்தது. கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீடு, கலைமான்கள், கிறிஸ்துமஸ் மரம் ஆகியவற்றுக்கிடையே குழந்தை இயேசுவின் குடிலும் இருந்தது. அரசுப் பணத்தில் ஒரு சமயத்தின் உருவங்களை வைக்கலாமா என்று சிலர் வழக்குத் தொடுத்தனர். 1984ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகளுக்கு நால்வர் என்ற நூலிழைப் பெரும்பான்மையில், வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. திருநாட்காலக் கொண்டாட்டம் ஒன்றின் பகுதியாகவே குடில் அங்கு இருந்தது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

ஐந்து ஆண்டுகளுக்குப்பின், 1989இல், பிட்ஸ்பர்க் நகரிலிருந்து வேறொரு வழக்கு வந்தது. அங்கு இரண்டு அலங்காரங்கள் இருந்தன. ஒன்று, நீதிமன்றக் கட்டடத்தின் தலைமைப் படிக்கட்டில் தனியே வைக்கப்பட்டிருந்த இயேசு பிறப்புக் குடில். மற்றொன்று, வேறோர் அரசுக் கட்டடத்தின் வெளியே, 45 அடி உயரக் கிறிஸ்துமஸ் மரத்தின் அருகே நின்ற 18 அடி உயர மெனோரா விளக்கு. மெனோரா என்பது, ஹனுக்கா என்னும் எட்டு நாள் ஒளித் திருநாளில் யூதர்கள் ஏற்றும் கிளைவிளக்கு. படிக்கட்டில் இருந்த குடில் கூடாது என்றும், மரத்தின் அருகே நின்ற விளக்கு இருக்கலாம் என்றும் நீதிமன்றம் கூறிற்று. அதிகார பீடத்தின் நடுவில் ஒரு சமயச் சின்னம் தனித்து நின்றால், அரசே அச்சமயத்தின் பக்கம் நிற்பதாகப் பிறர் கருதக்கூடும். பல சின்னங்கள் அருகருகே நிற்கும்போது அவ்வெண்ணம் எழுவதில்லை.

மூன்றாவது வழக்கே மிகக் கடினமானது. ஒஹையோ மாநிலத் தலைநகரான கொலம்பஸில், அரசு மாளிகையைச் சுற்றியுள்ள சதுக்கம் பொதுமக்கள் கருத்துரைக்கும் இடமாக நெடுங்காலம் இருந்து வந்தது. 1993ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் அங்கு ஒரு சிலுவையை நிறுத்த, இன வெறுப்புக்குப் பேர்போன கூ கிளக்ஸ் கிளான் என்னும் அமைப்பு அனுமதி கேட்டது. நிர்வாகம் மறுத்தது. 1995இல் உச்ச நீதிமன்றம், எழுவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில், மறுத்தது தவறு என்றது. எல்லார்க்கும் திறந்துவிட்ட இடத்தை, பிடிக்காதவருக்கு மட்டும் மூடுதல் ஆகாது என்பதே அத்தீர்ப்பின் பொருள்.

அமெரிக்காவின் வழி இது. எவரும் அரசை எதிர்த்து வினவலாம். நீதிமன்றம் விடை கூறும். அதற்கு அந்நாடு ஒரு விலையும் கொடுக்கிறது. திருநாள் தோறும் எங்கேனும் ஒரு வழக்கு எழுகிறது. மேலும், குடில் சட்டத்திற்குத் தப்ப வேண்டுமானால், அதைச் சுற்றிப் பொம்மைகளும் கலைமான்களும் வேண்டும் என்ற நிலை தோன்றியது. இறைவனின் திருவுருவம் கடைத்தெரு அலங்காரத்துள் ஒன்றாகிவிட்டதே என்று பக்தியுள்ள கிறிஸ்தவர் பலர் வருந்தினர். அவ்வருத்தம் இந்துக்களும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

சிங்கப்பூர் கற்ற பாடம்

சிங்கப்பூர் இவ்வினாவை வேறு வழியில் சந்தித்தது. அவ்வழி வழக்குமன்றத்தில் அன்று, குருதியில் தொடங்கியது. 1964ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள், நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது இனக் கலவரம் மூண்டது. அம்மாதக் கலவரத்தில் 23 பேர் உயிரிழந்தனர். 454 பேர் காயமுற்றனர். செப்டம்பரில் மீண்டும் கலவரம் நேர்ந்தது. இறைவனின் பெயரால் புறப்பட்ட ஊர்வலம் ஒன்று இறப்பில் முடிந்ததை இந்நாடு மறக்கவில்லை. பள்ளிகளில் அந்த ஜூலை 21ஆம் நாளே இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

அக்கலவரத்திற்குப்பின், சமய ஊர்வலங்கள் சாலையில் நடந்து செல்வதற்குப் பொதுவாக இடமளிக்கப்படவில்லை. இதற்கு விலக்காக அமைந்தவை மூன்று இந்துத் திருவிழாக்கள். அவை தைப்பூசம், பங்குனி உத்திரம், தீமிதி என்பன. சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயத்திற்குக் காவடிகள் செல்லும் காட்சி, பிற சமயத்தார்க்குப் பொதுவாகக் கிட்டாத ஓர் உரிமையின் அடையாளம் என்பதை இந்துக்களில் பலர் அறிந்திலர்.

உரிமையுடன் கட்டுப்பாடும் வந்தது. ஊர்வலத்தில் சண்டை சச்சரவுகள் நேர்ந்ததை அடுத்து, 1973 முதல் வழியில் இசைக்கருவிகள் வாசிப்பது தடைசெய்யப்பட்டது. அதற்கு முன்பே, 1968இல் பொது விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது, இந்துக்கள் தீபாவளியை வைத்துக்கொண்டு தைப்பூச விடுமுறையை விட்டுக்கொடுத்தனர். விட்டுக்கொடுத்தவர் இந்துக்கள் மட்டும் அல்லர். முஸ்லிம்கள் நபிகள் நாயகத்தின் பிறந்தநாள் விடுமுறையை இழந்தனர். கிறிஸ்தவர்கள் ஈஸ்டர் திங்கள் விடுமுறையை இழந்தனர். 1970களில் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் உட்புறமாகத் திருப்பப்பட்டன. பாங்கொலி வானொலியின்வழி இல்லங்களைச் சென்றடைகிறது. ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைக் குறைத்துக்கொண்டதால்தான் அனைவருக்கும் இடம் கிடைத்தது.

இளைஞர்களின் வினா

இங்கு ஒரு மனக்குறையை மறைக்காமல் பேசுதல் வேண்டும். "கடைத்தெருவில் கிறிஸ்துமஸ் பாடல் ஒலிக்கிறது. சீனப் புத்தாண்டில் சிங்க நடனத்தின் முரசு அதிர்கிறது. முதுகில் அலகு தரித்துக் காவடி ஏந்தி வருபவனுக்கு உறுமியும் மேளமும் கூடாதா?" என்று இளைஞர்கள் கேட்கின்றனர். வலியைத் தாங்கி நடப்பவனுக்கு இசையே துணை என்பதைக் காவடி எடுத்தவர்கள் அறிவர். ஆகவே இவ்வினா நேர்மையானது. இதனைக் கேட்பவரை அடங்காதவர் என்று பெரியோர் ஒதுக்குதல் முறையன்று.

சிங்க நடனம் பண்பாட்டு நிகழ்ச்சி, காவடி சமய ஊர்வலம்; சமய நிகழ்ச்சிகளுக்கே விதிகள் கடுமையானவை என்பது அதிகாரிகள் கூறும் விளக்கம். இவ்விளக்கம் சிலருக்கு நிறைவளிக்கலாம். சிலருக்கு அளிக்காமல் போகலாம். ஆயினும், வினாவை எவ்வாறு எழுப்புவது என்பதே முதன்மையானது. சாலையில் வாக்குவாதம் செய்து மேளத்தைப் பெற்றவர் எவரும் இலர். இந்து அறக்கட்டளை வாரியமும் ஆலயங்களும் அதிகாரிகளுடன் அமர்ந்து பேசியதன் பின், 2016ஆம் ஆண்டுத் தைப்பூசத்தில், பாதையோரம் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அடங்கியிருந்த மேளம் பொறுமையான பேச்சினால் மீண்டும் ஒலித்தது. கோரிக்கையை அடக்குவது அமைதி ஆகாது. கோரிக்கையை ஆத்திரமாக்குவது உரிமை ஆகாது.

சிங்கப்பூரின் வழிக்கும் ஒரு விலை உண்டு. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை வழங்குகிறது. பொது ஒழுங்கிற்கு ஊறு விளைவித்தல் ஆகாது என்ற வரம்பையும் விதிக்கிறது. 1990இல் இயற்றப்பட்ட சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் அவ்வரம்பை மேலும் உறுதியாக்கியது. அமெரிக்கர் ஒருவர் உரக்கச் சொல்லக்கூடிய சிலவற்றை இங்குள்ளவர் சொல்ல இயலாது. அதற்கு ஈடாகப் பெறப்படுவது, அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் இன்று மலாய்த் திருமணமும் மற்றொரு நாள் சீனரின் இறுதிச் சடங்கும் எவ்விதப் பூசலும் இன்றி நடைபெறும் வாழ்க்கை.

பொறை என்பது யாது?

வள்ளுவப் பெருந்தகை பொறையுடைமைக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். பொறை என்பது இயலாமையன்று. சுமை தாங்கும் ஆற்றல். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகப் பேரரசர் தம் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டில் சமய நல்லிணக்கத்தைப் பற்றிப் பேசுகையில், வாக்கடக்கத்தையே அதன் வேராகக் காட்டினார். தகாத இடத்தில் தம் சமயத்தைப் புகழ்வதையும் பிறர் சமயத்தை இகழ்வதையும் தவிர்க்குமாறு அவர் அறிவுறுத்தினார். பிறரை இகழ்வது தவறு என்பதை எல்லாரும் கூறுவர். தம்மைத் தாமே இடமறியாமல் புகழ்வதும் தவறு என்றது அப்பேரரசரின் நுண்ணறிவு.

இக்கருத்து நடைமுறையில் எவ்வாறு அமையும்? சைனாடவுனில் சவுத் பிரிட்ஜ் ரோட்டை நோக்கினால் விளங்கும். அங்கு 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் ஆலயமும், தமிழ் முஸ்லிம்களான சூலியர் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசலும் ஒரே வரிசையில் நிற்கின்றன. அருகில் உள்ள தெருக்களின் பெயர்கள் பகோடா ஸ்திரீட், டெம்பிள் ஸ்திரீட், மாஸ்க் ஸ்திரீட் என்பன. பகோடா என்று குறிக்கப்பட்டது மாரியம்மன் கோபுரமே. சீனப் புத்தாண்டுக் காலத்தில் அச்சாலை சிவப்பு விளக்குகளால் ஒளிர்கிறது. தீமிதியின்போது அதே சாலையில் அடியார்கள் மஞ்சள் ஆடையுடன் வருகின்றனர். கோபுரத்தின் முன் சீன விளக்கு தொங்குவதால் அம்மனின் அருள் குறைந்ததாக எவரும் கூறியதில்லை.

லிட்டில் இந்தியாவின் தீபாவளி அலங்காரத்திலும் ஒரு நல்ல மரபு உண்டு. சாலையின் மேல் பெரும்பாலும் மயில், யானை, தாமரை, அகல்விளக்கு ஆகியனவே இடம்பெறுகின்றன. இறைவனின் திருவுருவம் பூசைக்குரிய இடத்தில் இருக்கிறது. அவனுடைய ஒளி எல்லார்க்கும் பொதுவான வீதியில் இருக்கிறது. அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் வருந்திய நிலை இங்கு நேராமல் காத்தது இம்மரபே. தெய்வமும் சிறுமைப்படவில்லை, பிற சமயத்தாரும் அயன்மை உணரவில்லை.

மெய்யன்பர்களே! திருவிழா நாட்களில் ஆலயத்தைச் சார்ந்தோர் மேற்கொள்ளத்தக்க கடமைகள் மூன்று. முதலாவது, ஊர்வலப் பாதையில் வாழ்வோருக்கு நேரத்தையும் வழியையும் முன்கூட்டியே அறிவித்தல். அனுமதிக்கப்பட்ட நேரத்திற்கு மேல் ஒரு நிமிடமும் இசைக்காதிருத்தல். இரண்டாவது, அண்டை வீட்டார் ஏழாம் மாதத்தில் காகிதம் எரிக்கும்போதும், நோன்புக் காலத்தில் இரவு வெகுநேரம் விழித்திருக்கும்போதும் முகம் சுளிக்காதிருத்தல். தம் மேளத்தைப் பிறர் பொறுக்க வேண்டும் என்பவர், பிறர் புகையைப் பொறுத்தாக வேண்டும். மூன்றாவது, மற்றொரு சமயத்தாரின் திருநாள் அலங்காரத்தை யாரேனும் பழித்தால், அவர்களுக்காக இந்துக்கள் முதலில் குரல் கொடுத்தல். பிறர் உரிமைக்கு நின்றவரின் உரிமைக்கே பிறர் நிற்பர்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பது பழமொழி. இந்நாட்டில் வடம் பிடிப்பவர் இந்துக்கள் மட்டும் அல்லர். போக்குவரத்தை நிறுத்தி வழிவிடும் மலாய்க் காவலரும், கடையின் முன் தண்ணீர் வைக்கும் சீன வணிகரும், தாமதத்தைப் பொறுத்துக் காத்திருக்கும் பேருந்துப் பயணியும் அவ்வடத்தில் கை வைத்தவர்களே. துக்க வீட்டின் முன் மேளத்தை அடக்கிய முன்னோரின் வழிவந்தவர்களுக்கு இதனை உணர்தல் அரிதன்று.

எல்லாம் வல்ல பரம்பொருளின் திருவருள் எல்லாச் சமயத்தார்க்கும் கிட்டுவதாக. இத்திருவிழா இனிதே நிறைவுறுவதாக.