புற்றுநோயும் நமது நாணமும்
(பெரம்பூரில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கல்வி நிதியும் கலியாண மண்டபமும் பற்றிப் பேசிவந்த இச்சபையில் இன்று ஒரு நோயைக் குறித்துப் பேச எழுந்துள்ளேன். தமிழாசிரியனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். வைத்தியர் பலகாலும் சொல்லியும் நம்மவர் சோதனைக்குச் செல்லாமைக்குக் காரணம் நாணமும் அச்சமுமேயாம். அவற்றைப் பற்றிப் பேச ஆசிரியனுக்கும் உரிமை உண்டன்றோ?

இந்நோய்க்குத் தமிழில் வழங்கும் பெயரே எண்ணத்தக்கது. கறையான் மண்ணினுள்ளே நெடுநாள் உழைத்த பின்னரே புற்று வெளியே தோன்றுகின்றது. அதுபோலவே இந்நோயும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலியின்றி வளரும். ஆகவே, வலியில்லை என்பது பற்றி நோயுமில்லை என்று இருந்துவிடல் பெரும் பிழையாகும்.

என் அத்தையார் இப்பெரம்பூரிலேயே வாழ்ந்தவர். மார்பில் சுண்டைக்காயளவு கட்டி ஒன்று தட்டுப்பட்டும், ஆண்மக்களிடம் சொல்ல நாணி ஏழு திங்கள் மறைத்து வைத்தார். மருத்துவரிடம் சென்றபொழுது நோய் அக்குளுக்கும் பரவியிருந்தது. அவ்வாண்டு முடியுமுன் அவரை இழந்தோம். படித்தவர் நால்வர் அவ்வீட்டில் இருந்தோம். ஒருவரேனும் அவர் உடல்நலம் வினவினோமில்லை. குற்றம் அவருடையதன்று, எம்முடையதே.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்தவரே. அத்துயரை மனத்துள் அடக்கி வைக்காது ஊரறிய எடுத்துரைத்து உழைத்தமையால், 1954-ஆம் ஆண்டில் அடையாறு புற்றுநோய் நிலையம் தோன்றிற்று. அங்கே டாக்டர் சாந்தா அம்மையார் 2021-இல் மறையுங்காறும் தொண்டாற்றினார். மறைத்தவர் வீட்டில் சாவும், வெளிப்படப் பேசியவரால் மருத்துவமனையும் விளைந்தமை காண்க.

சோதனையின் பயனுக்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. 2000-ஆம் ஆண்டு முதல் திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில், 30 முதல் 59 வயது வரையுள்ள ஏறக்குறைய 49,000 பெண்கள் கருப்பைவாய்ச் சோதனைக்கு உரியோராகக் கொள்ளப்பட்டனர். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுத்துத் தோன்றும் இடத்தைக் கண்டறிவதே அச்சோதனை. பயிற்சி பெற்ற செவிலியரே அதனைச் செய்தனர். இச்சோதனை நிகழாத ஊர்களை நோக்க, நிகழ்ந்த ஊர்களில் அந்நோயால் நேர்ந்த மரணம் 35 விழுக்காடு குறைந்ததென 2007-இல் வெளியான முடிவு கூறுகின்றது. வயலில் உழைக்கும் அப்பெண்கள் நாணத்தை விலக்கி முன்வந்தனர். பட்டணத்து நம் பெண்கள் பின்தங்கலாமோ?

இந்நோய் பெரும்பாலும் ஒருவகை வைரஸ் கிருமியால் வருவது. அதனைத் தடுக்கும் ஊசி உளது. 9 முதல் 14 வயதுக்குள் சிறுமியர்க்கு இடுவது மிக்க பயன் தரும்.

இனி ஆடவர்க்கு ஒரு சொல். பட்டறையிலும் துறைமுகத்திலும் இரவு வேலை செய்வோர் களைப்புத் தீரப் பீடியையும் புகையிலையையும் நாடுகின்றனர். புகையிலையே அன்றிப் பாக்கும் தனித்தே புற்றை விளைக்கும் என்பது ஆராய்ந்து கண்ட முடிபு. தாம்பூலம் மங்கலப் பொருளே. அது தட்டில் இருக்கட்டும், கன்னத்தில் அடக்குதல் வேண்டா. வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவந்த படலமோ இரண்டு வாரத்திற்கு மேல் நிலைத்தால் உடனே மருத்துவரைக் காண்க. மதுவை விலக்குதலும், காய்கனி மிகுத்து உண்டலும், நாள்தோறும் நடத்தலும் உடலுக்கு அரணாம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். 30 வயது கடந்த மகளிர்க்கு மார்பகச் சோதனையும் கருப்பைவாய்ச் சோதனையும் அரசினர் மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன. தனியே செல்ல நாணுவோரை நம் மாதர் பகுதியினர் ஐவர் ஐவராக உடனழைத்துச் செல்லல் வேண்டும். வண்டிச் செலவைச் சங்கம் ஏற்குமாறு இன்றே தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகின்றேன். முதற்குழுவில் என் மனைவியார் செல்ல இசைந்துள்ளார்; மற்ற நால்வர் பெயரை இக்கூட்டம் கலையுமுன் எதிர்நோக்குகின்றேன்.