மைனஸ் 40-இல் ஒரு வீடு

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கனடாவிலிருந்து வந்திருக்கிறான், விசாவைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் சொல்வான் என்று சிலர் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருப்பதாகத் தெரிகிறது. அதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் முன் வரிசையில் இருக்கிறார்கள். நான் பேசப் போவது வீட்டைச் சூடாக வைத்திருப்பதைப் பற்றி. இந்த மின்விசிறிக்கு அடியில் வியர்த்துக்கொண்டு இதைக் கேட்பது கொடுமைதான். ஆனாலும், நாம் இங்கே படித்த ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் முழுவதும் ஒரு வீட்டுக்குள் குடியிருப்பதை நான் அங்கேதான் பார்த்தேன்.

நான் இருப்பது சஸ்காட்சுவான் மாகாணத்தில், சாஸ்கடூன் நகரம். கோடையில் 30 டிகிரியைத் தாண்டும். ஜனவரியில் மைனஸ் 30 வரும், சில இரவுகளில் மைனஸ் 40. செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டும் புள்ளி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது அங்கே வாசலுக்கு வெளியே நிற்கும். உள்ளே 21 டிகிரி வேண்டும். ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் 60 டிகிரி வித்தியாசம்! அந்த இரவில் இயந்திரம் நின்றால் நடுங்குவதோடு போகாது. தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும். பிறகு உறைந்தது இளகும்போது வீடெல்லாம் வெள்ளம்.

பெரும்பாலான வீடுகளில் தரைக்குக் கீழே உள்ள அறையில் ஒரு ஃபர்னஸ் இருக்கும். எரிவாயுவை எரித்து, காற்றைச் சூடாக்கி, தகரக் குழாய்கள் வழியாக அறைகளுக்குத் தள்ளும். கோடையில் அதே குழாய்களில் ஏ.சி. காற்று வரும். என் வீடு 1960-களில் கட்டியது. அதில் இருந்த பழைய ஃபர்னஸ் மணிக்கு 1,00,000 பி.டி.யு. எரிப்பது, 80 சதவீதத் திறன். அதாவது வீட்டுக்கு வருவது 80,000 பி.டி.யு., கிட்டத்தட்ட 23 கிலோவாட். மாற்றும் காலம் வந்தது. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு, "இதே அளவு போட்டுடலாம்" என்றார். வீட்டைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை.

வெளியே மைனஸ் 32 இருந்த ஒரு இரவில் நான் கடிகாரத்தோடு ஃபர்னஸ் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் எரிகிறது? "இதுக்குத்தான் இன்ஜினீயரிங் படிச்சீங்களா" என்று வீட்டில் கேட்டார்கள். இதற்குத்தான் படித்தேன்! மூன்று மணி நேரம் எண்ணியதில் சராசரி 30 நிமிடம். அப்படியானால் வீட்டுக்கு உண்மையில் வேண்டியது மணிக்கு 40,000 பி.டி.யு., சுமார் 12 கிலோவாட். இருந்த இயந்திரம் இரண்டு மடங்கு பெரியது.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. அது பத்து நிமிடம் கொதித்து, அணைந்து, மறுபடி எரியும். ஃபர்னஸுக்குப் பக்கத்து அறை வேகும், கோடி அறை குளிரும், பாகங்களும் சீக்கிரம் தேயும். கனடாவில் இந்த அளவைக் கணக்கிட சி.எஸ்.ஏ. எஃப்280 என்று ஒரு தரமுறையே இருக்கிறது. கேட்டு வாங்குபவர்கள்தான் குறைவு.

சரி, 12 கிலோவாட் மட்டும் ஏன் வேண்டும்? அதே மாகாணத்தில் ரெஜைனா நகரத்தில் 1977-இல் ஒரு வீடு கட்டினார்கள், சஸ்காட்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ் என்று. ஹெரால்ட் ஆர் என்ற பொறியாளரும் அவருடைய கூட்டாளிகளும் செய்த வேலை. அந்த ஊர்க் குளிரில், அந்த வீட்டில் ஃபர்னஸே கிடையாது! தடித்த சுவர், காற்றுப் புகாத மேலுறை, வெளியே போகும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றிக் கொடுக்கும் ஒரு பெட்டி. கூடவே, அந்தக் காலத்துக்கு ஆடம்பரமான சூரிய வெப்பக் குழாய்களையும் பொருத்தினார்கள். அதைப் பின்னால் கழற்றிவிட்டார்கள். சுவர்தான் நிலைத்தது. ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட்டில் 1991-இல் வந்த பாசிவ் ஹவுஸுக்கு இந்த வீடு ஒரு முன்னோடி.

ஆகவே நான் முதலில் ஓட்டைகளைத்தான் தேடினேன். எல்லோரும் ஜன்னலைத்தான் குற்றம் சொல்வார்கள். சூடான காற்று மேலே ஏறிப் பரண் வழியாக வெளியேறும். அந்த இடத்தை நிரப்பக் கீழே, அஸ்திவாரச் சுவரும் மரச் சட்டமும் சேரும் இடுக்கு வழியாகக் குளிர் காற்று நுழையும். வாசல் கதவில் பெரிய விசிறியைக் கட்டிக் காற்றை வெளியே இழுத்து, 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் கசிவை அளக்கும் சோதனை உண்டு. அதைச் செய்யும்போது நான் பூஜை அறை ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு இடுக்கு இடுக்காகப் போனேன். புகை எங்கே வளைகிறதோ அங்கே ஓட்டை. பரண் கதவு, குழாய் மேலே போகும் துளை, விளக்குப் பெட்டிகள் எல்லாவற்றையும் அடைத்தோம்.

இனிமேல் சொல்வதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள். வீட்டை இறுக்கியதும், சமையலறை விசிறியையும் துணி உலர்த்தியையும் ஓடவிட்டு, எரிவாயு வெந்நீர்க் கொதிகலனின் புகைபோக்கி வாயில் அதே ஊதுபத்தியைக் காட்டினோம். புகை மேலே போகவில்லை. என் முகத்துக்குத் திரும்பியது. வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வேறு வழியில்லை, அதனால் புகைபோக்கி வழியாகக் காற்று கீழே இறங்குகிறது. அதோடு வருவது கார்பன் மோனாக்ஸைடு. நிறமில்லை, மணமில்லை. தூக்கத்தில் இருப்பவர்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள்.

புது ஃபர்னஸ் போடும்போது இது இன்னும் மோசமாகும். கனடாவில் 2019 ஜூலை முதல் புதிய எரிவாயு ஃபர்னஸ்களுக்கு 95 சதவீதத் திறன் கட்டாயம். புகையில் உள்ள நீராவியையும் குளிர்வித்து அதன் வெப்பத்தை எடுத்துவிடுவதால், அவை பிளாஸ்டிக் குழாயில் பக்கச் சுவர் வழியாகப் புகையை விடும். இரண்டு கருவிகளுக்குக் கட்டிய பெரிய புகைபோக்கியில் கொதிகலன் மட்டும் தனியாக நிற்கும். புகைபோக்கி சூடேறாது, இழுப்பு குறையும். நாங்கள் கொதிகலனையும் விசிறி வைத்த வகைக்கு மாற்றிவிட்டுத்தான் 60,000 பி.டி.யு. ஃபர்னஸைப் பொருத்தினோம். ரெஜைனா வீட்டில் இருந்த மாதிரி வெப்பம் மாற்றும் பெட்டியும் வைத்தோம். தாளிப்பு வாசனை மூன்று நாள் கோட்டில் ஒட்டிக்கொள்வதும் அதோடு நின்றது.

ஹீட் பம்ப் போடலாமே என்று தம்பிகள் கேட்பீர்கள். நம் ஊர் ஏ.சி.தான் அது, ஒரு வால்வைத் திருப்பியது. இங்கே ஏ.சி.களில் பரவலாக இருக்கும் ஆர்-32, சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 52-இல் கொதிக்கும். அதற்கு மைனஸ் 20 காற்றே வெந்நீர் மாதிரி! ஆனால் குளிர் ஏற ஏற அதன் வெளியீடு குறையும், வீட்டுக்கு அதிகம் வேண்டிய நேரத்தில். மின்சாரம் நீர்வீழ்ச்சியிலிருந்து மலிவாக வரும் கியூபெக்கில் இருந்தால் யோசிக்காமல் போட்டிருப்பேன். எங்கள் மாகாணத்தில் மின்சாரத்தோடு ஒப்பிட்டால் எரிவாயு மிக மலிவு. ஏ.சி. பழுதானபோது அதன் இடத்தில் ஒரு ஹீட் பம்ப் வைத்தேன். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் அது, கடுங்குளிரில் ஃபர்னஸ். காசுக் கணக்கில் இதுவரை பெரிய லாபமில்லை.

அங்கே படிக்க வரும் தம்பி தங்கைகள் வாடகை வீட்டில் நுழைந்த அன்றே மூன்றைப் பாருங்கள். கார்பன் மோனாக்ஸைடு எச்சரிக்கைப் பெட்டியின் பொத்தானை அழுத்துங்கள். அதன் பின்புறம் உள்ள காலாவதித் தேதியையும் படியுங்கள். ஃபர்னஸின் காற்று வடிகட்டியை உருவி வெளிச்சத்தில் பிடியுங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் மாற்றச் சொல்லுங்கள். பக்கச் சுவரில் பிளாஸ்டிக் குழாய்கள் எங்கே வெளிவருகின்றன என்று பார்த்து வைத்து, ஒவ்வொரு பனிப்புயலுக்குப் பிறகும் அந்த வாயை மூடிய பனியை மண்வெட்டியால் அள்ளிவிடுங்கள். வீட்டுக்காரர் வருவார் என்று காத்திருக்க வேண்டாம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மிச்சத்தைச் சாப்பாட்டுப் பந்தியில் கேளுங்கள்.