குறி தவறிய குண்டுகள்: லங்காஸ்டர் விமானத்தின் கதை

இன்னைக்கு நாம பேசப்போறது இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் பயன்படுத்திய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தைப் பற்றி. நான்கு மெர்லின் எஞ்சின்கள், ஏழு பேர் கொண்ட குழு, வயிற்றுப் பகுதியில் சுமார் 10 மீட்டர் நீளத்துக்குத் தடுப்பே இல்லாத குண்டு அறை. மொத்தம் 7,377 விமானங்கள் தயாராகின. ஆனா இந்த விமானத்தைப் புரிஞ்சுக்கணும்னா எஞ்சினிலிருந்து தொடங்கக் கூடாது, ஒரு அறிக்கையிலிருந்து தொடங்கணும்னு நான் நினைக்கிறேன்.

போருக்கு முன்பு பிரிட்டனில் ஒரு நம்பிக்கை இருந்தது. எவ்வளவுதான் தடுத்தாலும் குண்டுவீச்சு விமானம் எப்படியும் உள்ளே புகுந்துவிடும் என்று 1932-ல் ஸ்டான்லி பால்ட்வின் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். 1939 டிசம்பரில் அது பொய்த்துப் போனது. பட்டப்பகலில் ஜெர்மன் கடற்கரைக்குப் போன வெலிங்டன் விமானங்களில் ஏறக்குறைய பாதி திரும்பி வரவில்லை. சரி, இனி இரவில் போவோம் என்று முடிவெடுத்தார்கள்.

இரவில் என்ன சிக்கல்? கீழே ஊரே விளக்கணைத்து இருட்டாக இருக்கும். மேகம் மூடியிருக்கும். வழிகாட்டியின் கையில் இருப்பது வரைபடம், கடிகாரம், கொஞ்சம் நட்சத்திரங்கள், அவ்வளவுதான். ஆனாலும் திரும்பி வந்த குழுக்கள், 'இலக்கைத் தாக்கிவிட்டோம்' என்றே சொன்னார்கள். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்கள்.

1941 ஆகஸ்டில் பட் என்ற அரசு அதிகாரி, விமானங்கள் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை ஆராய்ந்து ஒரு அறிக்கை கொடுத்தார். இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு 8 கிலோமீட்டருக்குள் போயிருந்தது. புகை மூடிய ரூர் தொழிற்பகுதியில் பத்தில் ஒன்றுதான். யோசிச்சுப் பாருங்க, 8 கிலோமீட்டர் தள்ளி விழுந்தாலும் அது 'குறி' கணக்கு!

இப்போ என்ன செய்வது? தரைப்படையால் ஜெர்மனியைத் தொட முடியாத காலம் அது. கையில் இருந்த ஒரே ஆயுதம் இதுதான். அதனால் ஆயுதத்தை விடவில்லை, இலக்கை மாற்றினார்கள். தொழிற்சாலையை அடிக்க முடியலையா? அதைச் சுற்றியிருக்கிற ஊரை அடி. 1942 பிப்ரவரி உத்தரவு, பொதுமக்களின், குறிப்பாகத் தொழிலாளர்களின் மன உறுதியை உடைப்பதே நோக்கம் என்றது. அதே மாதம் ஆர்தர் ஹாரிஸ் தலைமைக்கு வந்தார். அடுத்த மாதம் லங்காஸ்டர் போருக்குள் இறங்கியது.

அதற்கப்புறம் கணக்கே வேறு. பெரிய குண்டு கூரையையும் ஜன்னலையும் பெயர்க்கும். பின்னால் விழும் சிறிய தீக்குண்டுகள் உள்ளே பற்றவைக்கும். 1943 ஜூலையில் ஹாம்பர்க் மேல் அலுமினியத் துண்டுகளை மழைபோலக் கொட்டி ஜெர்மன் ரேடாரைக் குருடாக்கினார்கள். 27-ஆம் தேதி இரவு, கோடை வறட்சியில் தனித்தனித் தீகள் ஒன்றுசேர்ந்து புயலாக மாறின. அந்தத் தொடர் தாக்குதலில் 35,000 பேருக்கும் மேல் இறந்தார்கள்.

மேலே இருந்தவர்கள் மட்டும் பாதுகாப்பாகவா இருந்தார்கள்? இல்லை. ஒரு சுற்றுப் பணி என்பது 30 பயணங்கள். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பசங்க.

எனக்கு உறுத்துவது இதற்குப் பிந்தைய பகுதிதான். 1944-க்குள் ரேடியோ வழிகாட்டிக் கருவிகள் வந்துவிட்டன, முன்னால் பறந்து இலக்கில் ஒளிக்குறி போடும் தனிப் படையும் வந்துவிட்டது. நார்மண்டி படையிறக்கத்துக்கு முன் பிரான்சின் ரயில் நிலையங்களை இதே லங்காஸ்டர்கள் ஓரளவு துல்லியமாகவே அடித்தன. ஆக, 'குறி வைக்க முடியாது' என்ற காரணம் வலுவிழந்துவிட்டது. ஆனாலும் 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் எரிந்தது. சுமார் 25,000 பேர் இறந்தார்கள். வேறு வழியில்லாமல் தொடங்கியது, வழி கிடைத்த பிறகும் நிற்கவில்லை.

லண்டன் கிரீன் பார்க்கில் 2012-ல் இந்த வீரர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அதில் குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வரி ஒன்றும் இருக்கிறது. போகிறவர்கள் அதையும் படிச்சுட்டு வாங்க.