துள்ளுமாரிக்கு முன்னால் ஊசி



குர்பானிக்கு விற்க நாம் வளர்க்கும் ஆடுகளில், கொழுத்ததுதான் பெரும்பாலும் துள்ளுமாரியில் முதலில் போகிறது. இரவு நன்றாகத் தின்றது, காலையில் செத்துக் கிடக்கும். கண்ணூறு என்கிறோம். காரணம் குடலில் இருக்கிறது. அங்கே எப்போதும் கொஞ்சம் கிருமி உண்டு. பெருநாள் நெருங்குகிறதென்று திடீரென அரிசியும் மக்காச்சோளமும் அள்ளி வைத்தால் அது பெருகி நஞ்சைக் கக்குகிறது. மழைக்குப் பிந்திய இளம்புல்லும் அப்படித்தான். பிறகு வைத்தியத்துக்கு நேரமிருக்காது. தானாகச் செத்தது நமக்கு ஹலாலும் இல்லை. போட்ட பணம் குழியோடு சரி.

தடுப்பூசியில் இருப்பதும் அந்த நஞ்சேதான். ஃபார்மலின் சேர்த்து அதன் வீரியத்தை முறித்துவிடுகிறார்கள். ஆட்டின் உடம்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பை உண்டாக்கிக்கொள்ளும். நம் ராணிப்பேட்டை அரசு நிலையத்திலேயே இது தயாராகிறது. முதல்முறை போடும் ஆட்டுக்குச் சில வாரம் கழித்து இரண்டாவது ஊசியும் வேண்டும். அதைத்தான் பலர் விட்டுவிடுகிறோம். பிறகு வருடா வருடம், மழைக்கு முன். சினையாட்டுக்கு ஈனுவதற்கு ஒரு மாதம் முன் போட்டால் சீம்பால் வழியே குட்டிக்கும் பாதுகாப்பு சேரும்.

ஊசி போட்ட மறுநாளே தீனியைக் கூட்டாதீர்கள். எதிர்ப்பு வர இரண்டு வாரமாவது ஆகும். அதன்பிறகும் கைப்பிடி கைப்பிடியாகத்தான் ஏற்ற வேண்டும்.