வழிகாட்டியின்றி மயிலையில் ஒரு நடை

  

குருபரப்பள்ளியில் நடைபெறும் விழாவில் மயிலாப்பூரைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே நாளெல்லாம் ஊர்திகள் இவ்வூரைக் கடந்து விரைகின்றன. அவற்றில் அமர்ந்திருப்போருக்குக் குருபரப்பள்ளி ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. விரைந்து செல்வோர்க்கு எந்த ஊரும் அவ்வளவுதான். நடப்பவருக்கே ஊர் தன்னைக் காட்டுகிறது. மயிலை அதற்குத் தக்க சான்று.

ஆயரின் தலைமைப் பேராலயம் அமைந்த பழைய நகரங்களைக் காணச் செல்வோர், வழிகாட்டியை அமர்த்தாமல், வரைபடம் ஒன்றைக் கையில் கொண்டு தாமே நடந்து பார்ப்பது மேலைநாட்டு வழக்கம். 1170இல் பேராயர் தாமஸ் பெக்கெட் கொலையுண்ட இங்கிலாந்தின் காண்டர்பரி அத்தகைய நகரம். தமிழகத்தில் அவ்வாறு நடந்து காணத்தக்கது மயிலை. 1606ஆம் ஆண்டிலேயே அது ஆயரின் இருக்கையாயிற்று.

நடையைச் சாந்தோம் பேராலயத்தில் தொடங்கலாம். இயேசுவின் சீடர் தோமாவின் கல்லறை இங்குள்ளது என்பது தொன்றுதொட்ட நம்பிக்கை. கிறித்தவரும் இசுலாமியரும் அவ்விடத்தை நாடி வந்ததை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறித்துள்ளார். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் அங்கே கோயில் எழுப்பினர். இன்று காணும் வெண்ணிறக் கட்டடம் 1896இல் அர்ச்சிக்கப்பெற்றது.

அங்கிருந்து மேற்கே செல்வது கச்சேரி சாலை. பெயரைக் கேட்டதும் இன்றைய செவிக்கு இசை நினைவு வரும். கச்சேரி என்பது அலுவலகத்தைக் குறித்த பழஞ்சொல். அச்சாலையில் பள்ளிவாசலைக் கடந்து மேலும் சென்றால் லஸ். போர்த்துகீசிய மொழியில் அச்சொல்லுக்கு ஒளி என்று பொருள். 1516ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டுடைய அங்குள்ள மாதா ஆலயத்தை மக்கள் காட்டுக்கோயில் என்றே அழைத்தனர். காடு போய்விட்டது; பெயர் நின்றுவிட்டது. மயிலையில் வீற்றிருந்த நேமிநாதரின் பெயரால் குணவீர பண்டிதர் நேமிநாதம் என்னும் இலக்கணம் செய்தார். அந்தச் சமணக் கோயிலும் இன்று அங்கில்லை.

தெற்கே திரும்பினால் கபாலீசுவரர் கோயில். தமிழறிந்தவரின் கால்கள் இங்கே தயங்கும். சம்பந்தரும் அருணகிரிநாதரும் பாடிய மயிலையில் கடலலை ஒலிக்கிறது. இக்கோயிலிலோ அலையோசை கேட்பதில்லை. பழைய கோயில் கடற்கரையில் இருந்தது, இப்போதைய கோயில் பின்னர் எழுந்தது என்பர் ஆய்வாளர். பழைய கோயிலைச் சார்ந்த கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பேராலயப் பகுதியிலும் கிடைத்துள்ளன. அழித்தவர் போர்த்துகீசியர் என்பாரும் உளர். கடல் கொண்டது என்பாரும் உளர்.

வழிகாட்டி ஒருவர் உடன் வந்தால், இரண்டில் ஒன்றை உறுதியாகச் சொல்லி அடுத்த இடத்திற்கு அழைத்துச் சென்றுவிடுவார். கேட்டவர் சினத்தோடோ நிறைவோடோ ஊர் திரும்புவார். தாமே நடப்பவருக்கு அந்த எளிய வழி இல்லை. பாடலையும் கல்லையும் ஒருசேரச் சுமந்து அவர் நிற்க வேண்டும். ஒரே மண்ணில் நின்ற வழிபாடுகள் பல. இழப்பும் உண்மை, இன்று அங்கே மண்டியிடுவோரின் பக்தியும் உண்மை. இரண்டில் எதையும் மறைக்காமல் சொல்லும் சொல்லைத் தேடுவதே கவிஞரின் பணி.

அந்தப் பணி மயிலையோடு முடிவதன்று. கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்கள் மிகுந்த நிலம். ஆநிரை காத்து மாண்ட வீரரின் கற்கள் சில அருங்காட்சியகம் சேர்ந்துள்ளன. சில வேடியப்பன் என்னும் பெயரில் வயலோரத்தில் வழிபாடு பெறுகின்றன. வயல்கள் தொழிற்சாலைகளாக மாறிவரும் இவ்வெல்லைப் பகுதியில் ஒரு கல் இடம்பெயர்ந்தால், அது நின்ற இடத்தைச் சொல்ல ஒருவராவது வேண்டும். நடந்து பார்த்தவரே அதைச் சொல்ல முடியும்.

பத்தாண்டுகள் கூடிப் பேசிய இவ்வட்டம், பதினோராம் ஆண்டில் கூடி நடக்கட்டும். மயிலைக்குச் செல்லும் முன், முதல் நடை குருபரப்பள்ளியின் வயல் வரப்புகளில் தொடங்கட்டும்!