நோயைப் பார்க்கும் சோதனை வேண்டும், ஆளைப் பார்க்கும் சோதனை வேண்டாம்

(அரிமளத்தில் இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜல்லிக்கட்டுக் காலம் வந்தால் நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் கால்நடை மருத்துவர்களை எங்கே பார்க்கலாம் என்று உங்களுக்கே தெரியும். தச்சங்குறிச்சியில் தொடங்கி ஊர் ஊராக வாடிவாசல் பக்கம் நிற்பார்கள். காளைக்குக் காயம் இருக்கிறதா, நோய் இருக்கிறதா, போதை ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அது களத்துக்குள் போகும். 2017இல் வந்த ஜல்லிக்கட்டுச் சட்டமும் விதிகளும் செய்த ஏற்பாடு இது. அதில் எனக்குக் குறை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடையில் தொங்குகிற ஆட்டை யார் பார்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

அதற்கும் விதி இருக்கிறது. 2001இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த இறைச்சிக்கூட விதிகளின்படி, கால்நடை மருத்துவர் சோதித்துச் சான்று தராத விலங்கை அறுக்கக் கூடாது. சினையானதை அறுக்கக் கூடாது, மூன்று மாதம் நிறையாத குட்டியை அறுக்கக் கூடாது. ஒரு மருத்துவர் ஒரு மணி நேரத்தில் 12 விலங்குகளுக்கு மேல், ஒரு நாளில் 96க்கு மேல் பார்க்கக் கூடாது என்றும் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஒரு ஆட்டுக்கு 5 நிமிடம். காய்ச்சல் இருக்கிறதா, நடை சரியா, மூக்கில் சளி வடிகிறதா என்று பார்க்க அந்த நேரம் வேண்டும். அறுத்த பிறகு ஈரலையும் நுரையீரலையும் பார்த்துவிட்டுத்தான் கறியில் முத்திரை விழ வேண்டும்.

ஆனால் அதே விதிகள் எதை இறைச்சிக்கூடம் என்கின்றன? நாளொன்றுக்குப் பத்து விலங்குகளோ அதற்கு மேலோ அறுக்கும் இடத்தை. இரண்டு ஆடு, மூன்று ஆடு அறுக்கிற சிற்றூர்க் கடைகள் இந்த இலக்கணத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இந்த நாட்டின் பெரும்பாலான ஊர்களில் கறி வருவது அப்படிப்பட்ட கடைகளிலிருந்துதான்.

கறி தின்பவருக்கு ஆபத்து என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். நன்றாக வேகவைத்தால் பல கிருமிகள் செத்துப்போகும். வேகவைப்பதற்கு முன்னால் அந்த விலங்கைத் தொடுகிற கைக்கு என்ன பாதுகாப்பு? அடைப்பான் நோயில் செத்த மாட்டைத் திறக்கவே கூடாது, ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும். அதன் தோலை உரிப்பவரின் கையில் சிறு கீறல் இருந்தால் போதும், நோய் உள்ளே போய்விடும். கன்றுவீச்சு நோய் வந்த மாட்டுக்குப் பிரசவம் பார்ப்பவருக்கும், நஞ்சுக்கொடியை எடுத்துப் போடுபவருக்கும் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் விட்டுவிட்டு வரும். பல நேரம் அது வேறு காய்ச்சல் என்றே மருந்து கொடுக்கப்படும்.

அந்தக் கைகள் யாருடையவை என்பதைச் சாதி முடிவு செய்து வைத்திருக்கிறது. செத்த மாட்டைத் தூக்குவதும் தோலை உரிப்பதும் இன்னார் வேலை என்று ஊர் எழுதாத சட்டம் போட்டது. 1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் கறியைத் தின்பதை விட்டுவிடுங்கள் என்று மக்களிடம் சொன்னார். தமிழ்நாட்டிலும் செத்த மாடு தூக்க மாட்டோம் என்று சொன்னதற்காக அடி வாங்கிய சேரிகள் உண்டு. ஆனாலும் 2013இன் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டத்தில் செத்த விலங்கைக் கையால் அப்புறப்படுத்தும் வேலைக்கு இடமில்லை.

நோயைப் பார்க்க வேண்டிய இடத்தில் இப்படி இருக்கிற அரசு, ஆளைப் பார்க்க வேண்டும் என்றால் எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள். 2017 மே மாதம் ஒன்றிய அரசு கால்நடைச் சந்தை விதிகளைக் கொண்டுவந்தது. மாடு வாங்குபவர் தான் விவசாயி என்று நிரூபிக்க வேண்டும், அறுப்பதற்கு விற்க மாட்டேன் என்று எழுதித் தர வேண்டும். விற்பனைச் சான்றுக்கு ஐந்து நகல். அதில் ஒன்று மாவட்டக் கால்நடை அதிகாரிக்கு. மருத்துவரைக் கணக்குப்பிள்ளை ஆக்கிய விதி அது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை மே 30 அன்று இடைக்காலத் தடை விதித்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் நீட்டித்தது.

அதற்கும் முன்பு, 2002 அக்டோபரில் ஹரியானாவின் துலினாவில் பசுவைக் கொன்றார்கள் என்ற வதந்தியில் ஐந்து தலித்துகளைப் போலீஸ் சாவடியிலேயே கும்பல் அடித்துக் கொன்றது. பிறகு அந்தப் பசுவின் உடலுக்குப் பிரேதப் பரிசோதனை நடந்தது. உயிரோடு இருந்த ஐந்து பேருக்குக் கிடைக்காத பொறுமை செத்த பசுவுக்குக் கிடைத்தது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, சோதனையே வேண்டாம், அது கறிக்கடையை மூடுவதற்கான சாக்கு என்று சில தோழர்கள் சொல்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2017இல் உத்தரப் பிரதேசத்தில் உரிமம் இல்லை, சுத்தம் இல்லை என்று சொல்லித்தான் கடைகளைப் பூட்டினார்கள். ஆனால் சோதனையைக் கைவிட்டால் நோய் வருவது நம் மக்களுக்குத்தான். கூடம் கட்டுவது உள்ளாட்சியின் வேலை, மருத்துவரை அனுப்புவது அரசின் வேலை. இரண்டையும் செய்யாமல் கடைக்காரர் மீது அபராதம் போட்டால் அதைத்தான் எதிர்க்க வேண்டும்.

எனவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. பத்து ஆட்டுக்குக் குறைவாக அறுக்கிற ஊருக்கும் முறைவைத்து மருத்துவர் வர வேண்டும். செத்த விலங்கை அகற்ற இயந்திரம், கையுறை, புதைக்க இடம் ஆகியவற்றை உள்ளாட்சி தர வேண்டும், எந்தச் சாதியையும் கூப்பிடக் கூடாது. அறுப்பவர், தோல் உரிப்பவர், மாடு பார்ப்பவர் எல்லோருக்கும் இலவச இரத்தப் பரிசோதனை வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் ஒரு வேலை இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போடுவோம். பேரூராட்சியிடம் கேட்போம்: ஊரில் இறைச்சிக்கூடம் இருக்கிறதா, கடந்த ஓராண்டில் எத்தனை விலங்குகள் சோதிக்கப்பட்டன, செத்த மாடுகளை அகற்றியது யார், அவர்களுக்கு என்ன கூலி, என்ன பாதுகாப்பு? பதில் வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் இதே இடத்தில் கூடுவோம்.